வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கால்மிதியை வாளியில் முக்கிக் கசக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. டோஃபி கதவைப் பிறாண்டுவதும் முட்டுவதும் தினப்படி நடக்கிறதுதான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த நாய்க்குப் பொறுக்காது, உள்ளே எதையோ ஒளித்துவைத்துத் தின்கிறேன் என்று நினைப்பு. பிழிந்து உதறிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து கதவைத் தள்ளுகிறேன், திறக்கவில்லை. உள்தாழ்ப்பாளைப் பார்க்கிறேன், போடவில்லை. ஒண்டியாக இருக்கிறவள் எதற்கு உள்ளே தாழ் போடப்போகிறேன். மறுபடி தள்ளுகிறேன். மேலே அசைகிறது, கீழே அசைகிறது, நடுவில் மட்டும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் இருப்பது வெளிப்பக்கத் தாழ்ப்பாள். அது தளர்ந்துபோய்க் கிடக்கிறது, கை பட்டாலே வழுக்கிக்கொண்டு போய் விழும். நாயின் கால் பட்டு விழுந்திருக்கிறது. அறுபத்தோரு வயதில் ஒரு நாய் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. கதவுக்கடியில் ஈர மூக்கு தெரிகிறது, மூச்சு வாங்குகிறது, அது இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. டோஃபி, திறடா, என்கிறேன், எனக்கே அசட்டுத்தனமாக இருக்கிறது. வால் கதவில் டப் டப்பென்று அடிக்கிறது. யாராவது கேட்டால் என்ன சொல்வேன், குளியலறைக்கு எதற்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் என்று. நாய் உள்ளே போய்க் கக்கூஸ் தண்ணீரை நக்காமலிருக்க, பூனை வாளியைக் கவிழ்க்காமலிருக்க. சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பில் குக்கர். அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. துவரம்பருப்பு ஒரு டம்ளர், நாலு விசில் விடலாம் என்று வைத்துவிட்டு வந்தேன், ஒரு விசில் வந்தாயிற்றா இல்லையா, தெரியவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது இந்த இரண்டும் வந்து. அண்ணன் குணசீலன், மெல்பேர்னில் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று கிளம்பினபோது காரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான், நாய் ஒன்று, பூனை ஒன்று. ‘ஆறே மாசம் தமா, அங்க போய் நிலைச்சதும் ஏற்பாடு பண்ணி வரவழைச்சுக்கிறேன், அதுவரைக்கும் பாத்துக்க.’ நாய்க்கு ஒரு மெத்தை, பூனைக்கு ஒரு கூடை, சீப்பு, நகவெட்டி, என்ன சாப்பிடும் எப்போது தூங்கும் இடி இடித்தால் எப்படித் தடவிக்கொடுக்க வேண்டும் என்று அவன் மகள் கைப்பட எழுதின ஒரு கோப்பு. என்னைப் பற்றி அப்படி ஒரு கோப்பு உலகத்தில் யாரிடமும் இல்லை. வந்த முதல் வாரமே டோஃபி கொடியில் காய்ந்த என் புடவையை இழுத்துக்கொண்டு போய் மல்லிகைப் பந்தலடியில் மெத்தை போட்டுக்கொண்டது. மொட்டை மாடியில் காயவைத்திருந்த வடகத்தை ஒன்று விடாமல் தின்றுவிட்டு இரண்டு நாள் தண்ணீர் குடித்தது. குளிர்பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு ஒரு கயிறு கட்டினேன், கயிற்றைத் தின்றது. பூனைக்கு சுண்டக்கா என்று பெயர், அது வேறு ரகம், ஓடாது குதிக்காது, அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளரைக் காலால் மெல்லத் தள்ளும், விளிம்புக்கு வந்ததும் நிறுத்தும், நான் ‘வேணாம்’ என்றதும் தள்ளிவிடும். வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எவ்வளவு சுட்டி பாருங்க, உங்களுக்கு நல்லா பொழுது போகும் இல்ல. பொழுது. முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊராருடைய பேச்சை ஊராருக்குச் சேர்த்துவைத்தேன், அப்போதும் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, லைன் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்தபோது அண்ணன் பம்பாயில் இருந்தான், பாத்துக்க என்றான், பார்த்தேன், ஏழு வருஷம். பிறகு அம்மாவை. பிறகு இந்த இரண்டையும். ஒரு விசில். இது ஒன்றா இரண்டா, இரண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

தொலைபேசி அடிக்கிறது. குளிர்பெட்டி மேல் வைத்திருக்கிறேன், நாய்க்கு எட்டாத இடம் என்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, அவன்தான், அங்கே சாயங்காலம் ஆகப்போகும், காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து கூப்பிடுவான். எடுத்ததும், எப்படி இருக்கே என்பதற்கு முன்னால், எங்க நம்ம ஆளு, கேமராவைத் திருப்பு என்பான். திருப்புவேன். பேரப்பிள்ளைகள் திரையில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு கத்தும். நான் பின்னால் நின்றுகொண்டு, நேத்து என் கண்ணாடியைக் கடிச்சிடுச்சு என்று சொன்னால் அங்கே ஒரு சிரிப்பு எழும்பும், அந்தச் சிரிப்பில் அவன் குரல்தான் முதலில் கேட்கும். அதே சிரிப்பு, பதினோரு வயதில் சிரித்தது. மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. நாய் தொலைபேசியைப் பார்த்துக் குரைக்கிறது. பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீடு கடைசி வரிசை, வேலி தாண்டினால் ரயில் பெட்டிகளை நிறுத்திவைக்கிற யார்டு. அண்ணனுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. எங்கே போகலாம் என்று அவன் சொல்லுவான், நான் பின்னால் போவேன், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தண்டவாளத்தில் ஆணி வைத்து, ரயில் போனபின் தட்டையாகி வந்ததைத் தேய்த்துக் கத்தி செய்வான். ஆணியை வைக்கப் போவது அவன், யாராவது வருகிறார்களா என்று வெயிலில் நிற்பது நான். வேப்பமரத்தில் காக்காய்க் குஞ்சு எடுக்க ஏறினான், குஞ்சு கிடைக்காமல் இறங்கிவிட்டான், ஆனால் அம்மாக் காக்கை அடையாளம் வைத்துக்கொண்டது கீழே நின்ற என்னைத்தான், பத்து நாள் நான் வாசலில் தலை காட்டினால் கொத்தும், தலையில் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அதையும் அவன் எல்லாரிடமும் சொல்லுவான், நன்றாகத்தான் சொல்லுவான், சொம்பு காக்காய் அலகு பட்டு டங் டங்கென்று அடித்தது என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். அணில் குஞ்சை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தது நான். செத்தபோது, நீ சரியா குடுக்கலை என்றான். நாலாவது விசில். நாலா மூன்றா. எதுவானாலும் இப்போது அணைக்க வேண்டும்.

ஜன்னல் என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, தலைக்கு மேலே, அழுக்கேறி மங்கின கண்ணாடிப் பட்டைகள் சொருகினது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறுகிறேன், வாளி பிளாஸ்டிக், நடுங்குகிறது, இங்கே விழுந்து இடுப்பு உடைந்தால் யார் எப்போது வந்து பார்ப்பார்கள். வேலை செய்கிற அமலி ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள், கோவிலுக்குப் போகிறவள். நாளைக் காலை எட்டு மணி. அதற்குள் குக்கர் வெடித்திருக்கும். ஒரு பட்டையை உருவி வைத்துவிட்டு இடைவெளியில் வாயை வைத்துக் கூப்பிடுகிறேன். ‘சார், சகாயராஜ் சார்.’ பக்கத்து வீடு அவருடையது, நடுவில் ஒரு சந்து. மின்சார வாரியத்திலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். அவரோடு நான் பேசி நாலு மாதம் ஆகிறது. சுண்டக்கா அவர் கார் உறைமேல் அசிங்கம் பண்ணியது என்று வந்தார், பூனைக்கு யார் சொல்ல முடியும் என்றேன், அப்ப வளக்காதீங்க மேடம் என்றார், நான் வளக்கலை, என் தலையில கட்டியிருக்கு என்று சொல்லியிருக்கலாம், சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். சார், என்கிறேன். என் குரலுக்கு மேலே டோஃபி குரைக்கிறது. நான் கூப்பிடக் கூப்பிட அது குரைக்கிறது, எனக்கு உதவி செய்கிறதாக எண்ணமோ என்னவோ. இந்த நாய் குரைத்தால் இந்தத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு குரைத்திருக்கிறது. ஃபினாயில் வாசனை மண்டையில் ஏறுகிறது. நைட்டி முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்காருகிறேன், தரை ஜில்லென்று இருக்கிறது. விளக்கு சுவிட்சும் வெளியேதான், பகல்தானே என்று போடாமல் வந்துவிட்டேன். அந்த ஓர் இடைவெளியிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரு கோடாகச் சுவரில் விழுந்து கிடக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும், நாளைக்கு ரேஷன், வீட்டு வரி ரசீது, எதையாவது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேகன் கதவிலும் அப்படி ஒரு கோடு இருந்தது.

யார்டின் கோடியில், புல் முளைத்த ஒரு தண்டவாளத்தில், ஓடாத கூட்ஸ் வேகன்கள் நாலைந்து நின்றிருந்தன. ஒன்றின் பக்கத்தில் இன்ஜின் சாம்பலைக் கொட்டி மேடாகியிருந்தது. அந்த மேட்டில் ஏறி ஒரு தெருநாய் வேகனுக்குள் போய்க் குட்டி போட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது அண்ணன். மே மாதம், பகல் சாப்பாட்டுக்கு முன்னால், அப்பா ஒர்க்‌ஷாப்பில், அம்மா அடுப்படியில். தாய் நாய் இரை தேடப் போகட்டும் என்று புதரில் உட்கார்ந்திருந்தோம், அது போனதும் ஏறினோம். ஐந்து குட்டிகள், கண் திறக்காதது, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு. நான் உள்ளே போனேன். நீ போய் எண்ணு, நான் தாய் வருதான்னு பாக்குறேன் என்றான். நான் குனிந்திருந்தேன். வெளிச்சம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன், கதவு வந்துகொண்டிருந்தது, இரும்புக் கதவு, அதைத் தள்ள அவனுக்கு முழுப்பலமும் தேவைப்பட்டிருக்கும், இடைவெளியில் அவன் முகம், மேல் பல் ஒன்று விழுந்த முகம், சிரித்தான். சிரித்தானா. தம் கட்டித் தள்ளுகிற முகமும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். இல்லை, சிரித்தான். கொண்டி விழுந்தது. நானும் சிரித்தேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, டேய் அண்ணா திறடா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வெளியே கொண்டியை ஆட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு முறை. துருப்பிடித்த கொண்டி, சின்னக் கைக்கு வந்திருக்காது. மூன்றாவது முறை கேட்கவில்லை. ஜல்லியில் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரையாவது கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், ரொம்ப நேரம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது, இதோ அப்பா வந்துவிடுவார், அண்ணன் சொல்லியிருப்பான் என்று. வெயில் ஏற ஏற இரும்பு சுட்டது, முதுகை எங்கேயும் சாய்க்க முடியவில்லை. நடுவில், எல்லாக் குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவை பாலுக்கு அழுதன, வாயில் விரலைக் கொடுத்தேன், சப்பிவிட்டு அழுதன. தாய் வந்துவிட்டது. வெளியே நின்று கதவைப் பிறாண்டியது, குரைத்தது, ஊளையிட்டது. நான் உள்ளேயிருந்து கத்தினேன், குட்டிகள் கத்தின. எங்கேயோ ஓர் இன்ஜின் ஷண்டிங் பண்ணிக்கொண்டிருந்தது, வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் வரிசையாக என் பக்கம் வரும், வந்து நின்றுவிடும், அடுத்தது நம்முடையது, இதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எந்த ஊருக்கோ, அங்கே கதவைத் திறக்கும்போது நாங்கள் ஆறு பேரும் செத்துக் கிடப்போம். எட்டு வயதில் அதை நினைத்தேன். எண்ணிக்கையைச் சரியாக நினைத்தேன், நான் ஒன்று, குட்டி ஐந்து. விசில் வரவில்லையே. வெகுநேரமாக வரவில்லை. தண்ணீர் வற்றிவிட்டதா, காஸ்கெட் போய்விட்டதா. மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், ஃபினாயில்தான் வருகிறது.

நாலு மணிச் சங்கு ஊதி ரொம்ப நேரம் கழித்து, நாய் விடாமல் குரைக்கிறதே என்று யார்டில் வேலை செய்கிற கலாசி ஒருவர் வந்து திறந்தார். என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, யார் வீட்டுப் பொண்ணு நீ என்று கேட்டார், என்னால் பேச முடியவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினார். வீட்டில் அதுவரை என்னைத் தேடி அம்மா காலனியையே சுற்றி வந்திருந்தாள். அப்பா முதலில் அணைத்துக்கொண்டார், பிறகு மரஸ்கேலை எடுத்தார். யார்டுக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தனியா அங்க என்ன வேலை உனக்கு. தனியா. அந்த வார்த்தையில்தான் எனக்குப் புரிந்தது, அவன் வாயே திறக்கவில்லை என்று. அடுப்படி வாசலில் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்கிற மாதிரி. நான் சொல்லவில்லை. தொடையில் நாலு அடி, அழுதேன், சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தான், கடிக்காத முழுப்பழம், அதைத் தின்றுவிட்டேன். அதோடு சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது. பத்து நாள் கழித்து அந்தக் குட்டிகளில் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், தங்கச்சியைக் காப்பாத்தின நாயோட குட்டி என்று அம்மாவிடம் சொல்லி வளர்க்க அனுமதி வாங்கினான், ரயிலில் கொடி காட்டுகிற கார்டு நினைப்பில் கார்டு என்று பெயர் வைத்தான், காலனியில் எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். கஞ்சி வைத்தது நான். அவன் கல்யாணத்தில், பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, எங்க தமா ஒரு நாள் வேகன்ல போய் மாட்டிக்கிட்டா தெரியுமா என்று ஆரம்பித்தான். மாட்டிக்கிட்டா. நாய்க்குட்டி பாக்குற ஆசையில உள்ள போனா, கதவு சாத்திக்கிச்சு. கதவு சாத்திக்கொண்டதாம், தானாக. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆமா, அஞ்சு குட்டிக்கும் என் விரலைத்தான் குடுத்தேன் என்று எடுத்தும் கொடுத்தேன். அதற்குப்பின் அவன் மகள் பிறந்தநாளில், வீடு பால் காய்ச்சினபோது, அம்மாவின் பதினாறாம் நாள் அன்று கூட. ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. அம்மா படுத்துக் கிடந்த காலத்தில் பழையதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள், ஒரு நாள் சாயங்காலம் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள், ‘நீ காணாமப்போன அன்னிக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்கண்ணன் மட்டும் ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னுட்டுப் படுத்துத் தூங்கினான். சின்னப் புள்ளை, அவனுக்கு என்ன தெரியும்.’ நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேதான் இருந்தேன். பயத்தில் ஒளிந்திருந்தான் என்றால் சரி. அழுதுகொண்டிருந்தான் என்றால் சரி. இரண்டு தரம். என்ன குழம்பு என்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை.

டோஃபி கதவை மறுபடி பிறாண்டுகிறது. குரைப்பு மாறியிருக்கிறது, இது விளையாட்டுக் குரைப்பு இல்லை, நடுவில் நடுவில் முனகுகிறது. கதவடியில் ஒரு விரலை நீட்டுகிறேன், நக்குகிறது. கையை இழுத்துக்கொள்கிறேன். இது எதற்கு என்னை நக்க வேண்டும். சரி, இங்கே யாரும் இல்லை, சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாழ்ப்பாள் நாய் உள்ளே போகாமலிருக்க வைத்தது என்று சொன்னேனே, அதற்குக் கதவைச் சாத்தினாலே போதும். அது நாய் வெளியே வராமலிருக்க வைத்தது. ஆசாரியை வரச்சொல்லி, கொஞ்சம் கீழேயே வையுங்க, எனக்குத் தோள்பட்டை வலி என்று பக்கத்தில் நின்று வைத்தேன். முதலில் பத்து நிமிஷம், அரை மணி, தப்பு செய்தால் தெரியட்டும் என்று. போன மாதம் அமலியின் மாமியார் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், வெயில், குளிக்காமல் எதையும் தொடக்கூடாது என்று படியில் நிற்கிறேன், இது ஓடிவந்து இரண்டு காலையும் என் நெஞ்சில் வைத்துத் தாவியது. வேறொன்றும் செய்யவில்லை. சந்தோஷத்தில் தாவியது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இதற்குள் தள்ளித் தாழ் போட்டேன். பதினோரு மணி. அது முதலில் குரைத்தது, பிறகு பிறாண்டியது, கதவின் உள்பக்கம் இதோ என் தோளுக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் இருக்கின்றன, பெயின்ட் உரிந்து மரம் தெரிகிறது, இதுவரை நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் பின்பக்கக் குழாயில் குளித்தேன். சோறு வடித்தேன், வெண்டைக்காய் வதக்கினேன், சாப்பிட்டேன், படுத்தேன். தூக்கம் வந்தது. நல்ல தூக்கம், கனவு கூட இல்லை. நாலரைக்கு எழுந்து திறந்தபோது ஓடிவரவில்லை, அந்த மூலையில், இதே மூலையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பிறகு வந்து என் காலை நக்கியது. அன்றைக்கும் நக்கியது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது, எப்படி இருக்கான் நம்ம ஆளு என்றான், நல்லா இருக்கான் என்று கேமராவைத் திருப்பினேன்.

ஏதோ தீய்கிறது. இது ஃபினாயில் இல்லை. பருப்பு தீய்கிற வாசனை, அதற்கடியில் ரப்பர். எழுந்து கதவைக் கையால் அடிக்கிறேன், தோளால் இடிக்கிறேன், சார் என்று கத்துகிறேன், எட்டு வயதுக்குப் பிறகு இப்படிக் கத்தினதில்லை, குரல் உடைந்துபோகிறது. வாசலில் கிரில் கதவு கிறீச்சிடுகிறது. ‘மேடம். மேடம், வெளிய வாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.’ சகாயராஜ். ‘உங்க பூனை எங்க வீட்டு வஞ்சிரத்தைத் தூக்கிட்டுப் போயிருச்சு. கோவிலுக்குப் போய்ட்டு வந்து பாக்குறோம், தட்டு காலி. என் மாப்பிள்ளை இப்ப சாப்பாட்டுக்கு வராரு.’ நாய் அவரை நோக்கி ஓடுகிறது, நகங்கள் தரையில் சறுக்குகிற சத்தம், அவர் ‘ஏய், போ, போ’ என்கிறார். ‘சார், நான் பாத்ரூம்ல இருக்கேன், வெளியில தாழ்ப்பாள் விழுந்திருச்சு. அடுப்பு, முதல்ல அடுப்பை அணைங்க.’  செருப்புக்காலோடு அடுப்படிக்கு ஓடுகிறார். ‘அணைச்சிட்டேன்,’ என்கிறார் அங்கிருந்து, இருமிக்கொண்டே. தாழ்ப்பாளைத் தேடுகிறார், மேலே தேடுகிறார். ‘கீழ சார், நடுவுல.’ டக். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளிச்சத்தில் கண் கூசுகிறது. கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையில் நாயின் அழுக்குக் கால்தடம் இரண்டு. நனைந்த நைட்டியோடு, கலைந்த தலையோடு, அழுத முகத்தோடு நான் நிற்கிறேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ‘எவ்வளவு நேரமாக்கா?’ என்கிறார். அக்கா என்கிறார். பத்து மணிக்கு முன்னாலே என்று சொல்கிறேன், சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். ஒன்றரை மணி நேரம் கூட இல்லை. ‘நாங்க வந்ததுலேர்ந்து குரைச்சுக்கிட்டே இருந்துச்சு, எப்பவும் குரைக்கிறதுதானேன்னு விட்டுட்டேன்,’ என்றார். ‘பரவால்ல சார். மீனுக்கு நான்…’ ‘மீன் கிடக்கட்டும். உக்காருங்க. எங்க வீட்டுல டீ போட்டுக் கொண்டாரச் சொல்றேன்.’ வாசல் வரை போய் நின்று, என்னவோ கேட்க நினைத்த மாதிரி குளியலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விட்டார்.

தொலைபேசி மறுபடி அடித்தது. எடுத்தேன். திரையில் அவன் முகம், மேல்பல் எல்லாம் கட்டினது, வரிசையாக. ‘என்ன தமா, பத்து மணிக்கே அடிச்சேன். எங்க போனே? எங்க நம்ம ஆளு?’ கேமராவைத் திருப்பவில்லை. நடந்ததைச் சொன்னேன், நாய் தாழ் போட்டது, குக்கர், சகாயராஜ். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ‘பூட்டிட்டானா, பயல்,’ என்றான், உள்ளே யாரையோ கூப்பிட்டு, டோஃபி அத்தையை பாத்ரூம்ல பூட்டிட்டானாம் என்றான், அங்கே சிரித்தார்கள். ‘உனக்கு இதே வேலை தமா. சின்ன வயசுல அந்த வேகன்ல போய் மாட்டிக்கிட்டே, ஞாபகம் இருக்கா?’

‘நான் மாட்டிக்கலண்ணே,’ என்றேன். ‘நீ சாத்தினே.’

அவன் சிரிப்பு உடனே நிற்கவில்லை, கொஞ்ச தூரம் தானாக ஓடி நின்றது. ‘என்ன சொல்றே?’

‘நீதான் கதவைத் தள்ளிச் சாத்தினே. கொண்டி விழுந்துச்சு. ரெண்டு தரம் ஆட்டிப் பாத்துட்டு ஓடிட்டே. வீட்டுல போய் யாருகிட்டயும் சொல்லல. சாப்பிட்டே, தூங்கினே. சாயங்காலம் வரைக்கும் நான் உள்ள கிடந்தேன். என்னை அப்பா அடிச்சாரு, நீ பாத்துக்கிட்டு நின்னே.’ குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன். ஐம்பத்துமூன்று வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வார்த்தைகள், நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தன.

அவன் எழுந்து வேறு அறைக்குப் போனான், திரையில் கூரையும் விளக்கும் ஆடின, ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மறுபடி முகம் வந்தது. நான் அந்த முகத்தையே பார்த்தேன். ஏதாவது ஒன்று தெரியும் என்று பார்த்தேன், கண்ணை அந்தப் பக்கம் திருப்புவான், எச்சில் விழுங்குவான், ஏதாவது ஒன்று. பொய் சொல்லப்போகிறான் என்றால் எனக்குத் தெரிந்துவிடும், அவன் பொய் சொல்லும்போது காதை இழுத்துக்கொள்வான். காதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினான், வயதான கண்கள், நிஜமான குழப்பத்தோடு என்னைப் பார்த்தன.

‘தமா,’ என்றான், மெதுவாக, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற குரலில். ‘அப்படி எதுவும் எனக்கு ஞாபகமே இல்லம்மா. நான் அன்னிக்கு அங்க வரவே இல்லையே. நான் அப்படிப் பண்ணியிருந்தா நீ அன்னிக்கே சொல்லியிருப்பியே.’

 தொலைபேசியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.  ‘பயந்து போயிருக்கே, கொஞ்சம் படு,’ என்றான். பிறகு, கேட்காமலிருக்க முடியாதவனாக, ‘அவன் சாப்பிட்டானா?’ என்றான்.

‘இன்னும் இல்ல,’ என்றேன். ‘போடணும்.’